வசந்தாமணியின் மூன்றாவது நகல்

வசந்தாமணிக்கு அடக்கம் என்பது மருந்துக்கும் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவளைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும், "நல்லா எழுதோணும், கஞ்சத்தனம் பண்ணாதே" என்று எனக்கே உத்தரவு போட்டவள் அவள்.

நாமக்கல்லில் சேலம் ரோட்டோரம் மயில்சாமியின் கோழிக்குஞ்சு பொரிக்கும் ஹேச்சரி. அங்கே முட்டை பிரிக்கிற அறையில் நாங்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றவர்கள். நான் சின்னாயி. சிறுசு, பெருசு, கீறல் விட்டது என்று பிரித்துத் தட்டில் அடுக்குவதுதான் வேலை. எனக்கு அது போதும் என்றிருந்தது. அவளுக்குப் போதவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் சேலத்துக்கு பஸ் ஏறிப் போய்க் கம்ப்யூட்டர் படித்தாள். எண்பத்தெட்டில் மயில்சாமி ஒரு கம்ப்யூட்டர் வாங்கியதும் நேரே அவர் முன்னால் போய், "நான் ஓட்டறனுங்க" என்று நின்றுவிட்டாள்.

மயில்சாமி லேசுப்பட்டவர் அல்ல. "ஓட்டு அம்மிணி. ஆனா ஒருக்கா கணக்குத் தொலைஞ்சுதுன்னா பொட்டிய வித்துப்போட்டு, உன்னய மறுக்கா முட்டை பிரிக்க அனுப்பிருவேன்" என்றார். எந்தக் கொட்டகைக்கு எந்தத் தடுப்பூசி போட்டாயிற்று, எந்தப் பண்ணைக்கு என்றைக்குக் குஞ்சு போக வேண்டும், எல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தது.

அதனால் தினமும் சாயங்காலம் எல்லாவற்றையும் பிளாப்பி என்கிற சதுர அட்டைத் தகடுகளில் நகலெடுத்து ஒரு டப்பாவில் வைப்பாள். அதற்கென்று ஒரு பேக்கப் புரோகிராம். எதை எடுப்பது, எப்படிச் சுருக்குவது, எந்த வரிசையில் பிரித்து எழுதுவது என்பதையெல்லாம் அதற்குச் சொல்ல ஒரு சின்ன செட்டிங் பைல். அது இல்லையென்றால் பிளாப்பி மூட்டை மூட்டையாக இருந்தாலும் உள்ளே இருப்பதைத் திரும்ப எடுக்க முடியாது.

மெஷினைப் பொருத்திக் கொடுத்த சேலத்து இன்ஜினியர் மணியன், அந்தப் பைலைக் கம்ப்யூட்டரின் ஹார்டு டிஸ்கிலேயே வைத்துவிட்டுக் கிளம்பினார். எல்லா ஊரிலும் அப்படித்தானாம். வசந்தாமணி விடவில்லை.

"டிஸ்க்கு போயிருமோன்னுதானுங்க பேக்கப்பே எடுக்கறம். அதோட சேந்து இதுவும் போயிட்டா?"

"அதெல்லாம் போகாதும்மா" என்று மணியன் சிரித்தார்.

அவர் பஸ் ஏறியதும் அந்தப் பைலை மட்டும் ஒரு தனிப் பிளாப்பியில் எழுதி, டப்பாவில் முதலாவதாகச் சொருகினாள். டப்பாவுக்கே ஏதாவது ஆனால் என்று அடுத்த யோசனை. இன்னொன்று எழுதினாள். அதை வைக்கத்தான் இடம் அமையவில்லை. முதலாளியின் இரும்புப் பெட்டியில் வைத்தால், அவர் பழனிக்குப் போகிற அன்று சாவியும் பழனிக்குப் போய்விடும். மேசை டிராயர் முழுக்க எறும்பு. கடைசியில் வீட்டுக்குக் கொண்டுபோய், பீரோவில் கல்யாணப் பட்டுக்கு அடியில் வைத்தாள். செட்டிங்கை மாற்றும்போதெல்லாம் அதையும் கொண்டுவந்து மாற்றி எழுதிக்கொண்டு போவாள். நாங்கள் விட்டுவைப்போமா? "சீதனம் பத்திரமா இருக்குதா?" என்று பார்க்கும்போதெல்லாம் கேட்டுச் சிரிப்போம்.

"இருக்குது. உங்களுக்கென்ன வவுத்தெரிச்சல்?" என்பாள்.

ஆயுத பூஜை வந்தது. வசந்தாமணி வெளியே பொரிப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தாள். முதலாளியின் மனைவி பொன்னாத்தாள் பிளாப்பி டப்பாவைத் திறந்து, "இதுவும் ஆயுதந்தானுங்களே" என்று முதலாவதை உருவினார். அட்டைக்கு நடுவே உள்தகடு தெரிகிற இடம் பார்த்து, அங்கேயே குளிரக் குளிரச் சந்தனம் வைத்தார். மயில்சாமி கம்ப்யூட்டர் மேசையிலேயே தேங்காயை வைத்து அரிவாளால் ஒரே போடு போட்டார். தண்ணீர் பீச்சியடித்து மெஷினின் துவாரத்துக்குள் போனது. நாங்கள் எல்லோரும் பயபக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டோம்.

மறுநாள் சுவிட்சைப் போட்டதும் கருகின வாடை. மணியன் வந்து பார்த்துவிட்டு, டிஸ்க் போயே போச்சு என்றார். புது டிஸ்கை மாட்டி, பேக்கப் புரோகிராமை ஏற்றினார். அது செட்டிங் பைலைக் கேட்டது. டப்பாவின் முதல் பிளாப்பியை எடுத்தால், சந்தனம் காய்ந்து அப்பிக்கொண்டிருந்தது. மயில்சாமி வசந்தாமணியைப் பார்த்தார். முட்டைத் தட்டோடு வாசலில் நின்ற எனக்கு, அவர் அன்றைக்குச் சொன்னது ஞாபகம் வந்தது. அவள் நின்ற இடம் எங்கள் அறையில் இன்னும் காலியாகத்தான் கிடந்தது.

அவளோ, "செத்த நேரம் இருங்க, ஊட்டுக்குப் போயிட்டு வாரேன்" என்று சைக்கிளை எடுத்தாள்.

பட்டுப் புடவை வாசத்தோடு வந்து சேர்ந்த பிளாப்பியை மணியன் உள்ளே தள்ளினார். மெஷின் கரகரத்தது. பிறகு டப்பாவில் இருந்தவற்றை ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கிக்கொண்டது. மத்தியானத்துக்குள் கொட்டகை, ஊசி, பண்ணை, தேதி என ஒன்று விடாமல் திரைக்கு வந்துவிட்டன. எனக்கு விசிலடிக்க வேண்டும் போல் இருந்தது. கையில் தட்டு இல்லாதிருந்தால் அடித்தே இருப்பேன்.

"இனிமே போற ஊர்லெல்லாம் இப்படியே வைக்கச் சொல்லப்போறேன்மா" என்றார் மணியன்.

"சொல்லுங்க. எம்பேரையும் சேத்திச் சொல்லுங்க."

மயில்சாமிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. "இனி நீயில்லாம இந்த ஆபீசு நடக்காது அம்மிணி" என்றார், மனம் நிறைந்து.

"அதுதானுங்க தப்பு" என்றாள் அவள். "பைல மூணு எடத்துல வெச்சிருந்தேன். ஆனா அத ஓட்டத் தெரிஞ்சது என்ற தலை ஒண்ணுதானுங்க. நாளைக்கு நான் காய்ச்சல்ல படுத்துக்கிட்டா? இன்னொருத்திக்கும் தெரியோணும். சின்னாயிய எங்கூட விடுங்க."

மயில்சாமி திரும்பி என்னைப் பார்த்தார். அப்புறம் தலையாட்டினார். தட்டை யார் கையில் கொடுத்தேன் என்று இன்றுவரை எனக்கு ஞாபகமில்லை. நான் உள்ளே போனபோது, வசந்தாமணி தன் நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொன்றை இழுத்துப் போட்டிருந்தாள்.