பட்டன் அளவு ஆண்

எண்பதுகளின் நடுவில் கடத்தூர்ப் பக்கம் ஒரு உயர்நிலைப் பள்ளியில் தற்காலிக அறிவியல் ஆசிரியையாக இருந்தேன். அடுத்த ஆண்டும் வேலை தொடர வேண்டுமானால் தலைமையாசிரியர் பரிந்துரைக்க வேண்டும். அந்த ஆண்டு அறிவியல் கண்காட்சிக்கு நான் வைத்தது போர்வை ஆக்டோபஸ்.

கரையே பார்க்காமல் நடுக்கடலில் வாழும் உயிரி அது. பெண் ஆளைவிட நீளமாக வளரும். ஆண் கட்டைவிரல் நுனியைத் தாண்டாது. அந்தப் பொடியன் ஒளிவதில்லை. மிதந்து திரியும் விஷ உயிரியின் கொட்டும் இழைகளைப் பிய்த்தெடுத்து ஆயுதமாகப் பிடித்துக்கொள்வான். அந்த விஷம் அவனை ஒன்றும் செய்யாது. எதிரி நெருங்கினால் பெண் தன் கைகளுக்கு இடையிலுள்ள சவ்வைப் போர்வைபோல விரித்து இன்னும் பெரிதாகத் தெரிவாள். சவ்வைப் பிடித்தால் அது துண்டாகக் கழன்று வரும்; அவள் போய்விடுவாள்.

கடைத்தெருவில் தையல்கடை வைத்திருந்த பாய், மீந்துபோன சிவப்பு லைனிங் துணிகளைக் கொடுத்தார்.

"இத்தன துணியும் பொம்பளைக்கா டீச்சர்? ஆம்பளைக்கு?"

"ஒரு கோட்டுப் பட்டன் போதுங்க பாய்."

"பாவம்ங்க அவன்" என்று சிரித்துக்கொண்டே பட்டனைத் தேடினார். அளவு பார்ப்பதற்காகத் துணியில் முதலில் போடும் நீளத் தையலால்தான் சவ்வை இணைக்கச் சொன்னேன். இழுத்தால் உருவி வர வேண்டும்.

கண்காட்சியன்று காலை, தைத்து முடித்த பெண் ஆக்டோபஸை உத்தரத்திலிருந்து தொங்கவிட்டேன். பட்டனில் நீல நூல்களைக் கட்டிப் பக்கத்தில் வைத்தேன். தலைமையாசிரியர் வந்து 'ஆண்', 'பெண்' சீட்டுகளைப் படித்தார்.

"சீட்ட மாத்தி ஒட்டுங்க டீச்சர். சேர்மன் வர்றாரு. ஆம்பளையப் பட்டனாக்கி வெச்சா நல்லாவா இருக்கும்?"

"அது அப்படித்தான் சார் இருக்கு."

"இங்க கடலப் பாத்தவங்களே நாலு பேரு இல்ல. யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியும் சார்."

"அடுத்த வருசம் வேலைக்கு வரணும்ல நீங்க?"

"வரணும் சார். சீட்டு மாறாது."

"அப்ப இது இங்க இருக்காது" என்று சவ்வைப் பிடித்து இழுத்தார். இரண்டு முழத் துணி கையோடு வந்தது. ஆக்டோபஸ் ஆடியது, விழவில்லை. பிள்ளைகள் கைதட்டினார்கள். "இப்படித்தான் சார் அது தப்பிக்கும்" என்றேன்.

அந்த நேரம் பார்த்து ஒன்றியச் சேர்மன் உள்ளே வந்தார். எங்கள் பக்கம் விருந்தாளி வந்தால் தோளில் துண்டு போடுவது வழக்கம். தலைமையாசிரியர் கையில் நீளத் துணியைப் பார்த்ததும் சேர்மன் பழக்கத்தில் குனிந்து கழுத்தை நீட்டினார். தலைமையாசிரியருக்கு வேறு வழியில்லை. ஆக்டோபஸின் சவ்வு சேர்மன் தோளில் ஏறியது.

சேர்மன் சீட்டுகளை நிதானமாகப் படித்தார். பட்டனைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"இதா ஆம்பள?"

"ஆமாங்க."

"நூலு என்னாத்துக்கு?"

"பிடுங்கின விஷங்க. அவனுக்கு ஆயுதம்."

"பரவால்லியே, பொடிப்பய!" என்று பட்டனை இருந்த இடத்திலேயே வைத்தார். "எங்க வூட்டம்மா பாத்தா சந்தோசப்படும்."

தலைமையாசிரியரும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக. சாயங்காலம் வரை சீட்டுகள் மாறவில்லை.

ஜூனில் எனக்குப் பணி ஆணை வரவில்லை. தலைமையாசிரியரிடம் காரணம் கேட்டுப் போனேன்.

"பணிவு போதாதுன்னு எழுதிட்டேங்க டீச்சர்" என்றார்.

"சரியா எழுதியிருக்கீங்க சார்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.