பாடக் குறிப்பில் இல்லாத மணி

தர்மபுரியில் வஹிதா படித்த ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் ஒரு டேப் ரிக்கார்டர் இருந்தது. இருந்தது என்றுதான் சொல்ல முடியும், அது பாடி யாரும் கேட்டதில்லை. கண்ணாடி அலமாரிக்குள் பூட்டி, மேலே பூப்போட்ட துணி போர்த்தி, ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை சந்தனம் குங்குமம் வைப்பார்கள். மாப்பிள்ளைக்குக்கூட அந்த மரியாதை கிடைக்காது. கற்பித்தல் கருவிகள் பாடம் வந்தபோது விரிவுரையாளர் மாதேஸ்வரன் அதைக் கரும்பலகையில் படமாக வரைந்து, பாகங்களைக் குறித்துக்கொள்ளச் சொன்னார். செயல்திட்ட முறையும் அப்படித்தான் நடந்தது. பிள்ளைகள் தாங்களே ஒரு வேலையை எடுத்து, வெளியே போய்த் தேடி, செய்து பார்த்துக் கற்க வேண்டும் என்று அவர் சொல்லச் சொல்ல, வகுப்பு முழுக்கத் தலை நிமிராமல் எழுதிக்கொண்டது. நல்ல கூத்து.

"ஒரு தடவை அதைப் போட்டுப் பாக்கலாமுங்களா சார்?" என்று வஹிதா கேட்டாள்.

"ரிப்பேர் ஆச்சுன்னா யாரும்மா பதில் சொல்றது? பரீட்சைக்குப் படம் போதும்" என்றார் அவர்.

வஹிதாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. பென்னாகரத்தில் அவள் அப்பா அப்துல் சுபானின் மெத்தைக் கடையில் அதைவிடப் பெரிய டேப் ரிக்கார்டர் பஞ்சுக்கு நடுவே கிடந்தது. சித்தப்பா கவுஸ் பாஷா சவுதியிலிருந்து கொண்டுவந்தது. அப்பா காலையில் ஒரு கவ்வாலிப் பாட்டுக் கேசட்டைப் போட்டால், ஊசியும் நூலும் அதன் தாளத்துக்குத்தான் ஓடும். உங்கள் பெட்டியை நீங்களே பூஜை செய்துகொள்ளுங்கள், நான் என் அப்பாவின் பெட்டியை எடுத்து வருகிறேன் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள்.

அப்பா பெட்டியைக் கொடுத்தார். கூடவே ஒரு நிபந்தனையையும் கொடுத்தார். இரண்டாம் ஆண்டுக் கடைசியில் ஒரு பள்ளிக்கூடத்தில் வைத்துக் கற்பித்தல் தேர்வு நடக்கும். "அதுல தேறுனா வேலைக்குப் போ, நான் குறுக்க நிக்கல. தேறலைன்னா கிருஷ்ணகிரிச் சம்பந்தத்துக்குச் சரின்னு சொல்லிடுவேன். ரெண்டாந்தடவை எழுதறேன்னு வந்து நிக்கக் கூடாது" என்றார். கொடுமைக்காரர் இல்லை அவர். திங்கட்கிழமை மெத்தை வரும் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டால், காய்ச்சலில் கிடந்தாலும் திங்கட்கிழமை மெத்தை போய்ச் சேரும். வாயிலிருந்து வந்துவிட்டால் அவருக்கு அது முடிந்த காரியம். வஹிதா பயந்ததும் அதற்குத்தான்.

பயிற்சிக்கு அவளுக்குக் கிடைத்தது ஏரியூரைத் தாண்டி இருந்த ஒரு சின்னப் பள்ளிக்கூடம். கரண்ட் கிடையாது. தினமும் டேப் ரிக்கார்டரை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போவாள். மூன்றாம் வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் கன்னடம் பேசுகிற பிள்ளைகள். அவள் வானொலியின் பள்ளி ஒலிபரப்பிலிருந்து பசுவைப் பற்றிய ஒரு பாடத்தைப் பதிவு செய்து வைத்திருந்தாள். அதைப் போட்டாள். பெட்டி சுத்தமான தமிழில் பேசியது. பிள்ளைகள் வாயைப் பிளந்து பெட்டியைப் பார்த்தார்கள். கேள்வி கேட்டால் ஒரு சத்தமும் இல்லை. செல்லி என்ற பெண் மட்டும் எழுந்து, "நம்ம ஹசு..." என்று ஆரம்பித்தாள். பசுவைத்தான் அவள் வீட்டுப் பேச்சில் சொன்னாள். வகுப்பே சிரித்தது. செல்லி உட்கார்ந்துவிட்டாள், அப்புறம் வாயே திறக்கவில்லை.

வீட்டில் உருதும் வெளியில் தமிழுமாக வளர்ந்த வஹிதாவுக்கு அந்தச் சிரிப்பு சுருக்கென்று தைத்தது. தானும் ஒன்றாம் வகுப்பில் அப்படி உட்கார்ந்தவள்தானே.

ஒருநாள் பள்ளி விடும் நேரத்தில், செல்லி திரும்பிக்கூடப் பார்க்காமல், "காளியப்பன் வூட்டு மாடு வருது" என்று பக்கத்துப் பெண்ணிடம் சொன்னாள். வஹிதா எட்டிப் பார்த்தாள். மேய்ச்சல் முடிந்து காளியப்பன் வீட்டு மாடுதான் வந்துகொண்டிருந்தது.

"எப்படித் தெரிஞ்சுது?"

"மணிங்க டீச்சர்" என்றாள் செல்லி, இதைக்கூடவா கேட்பார்கள் என்கிற மாதிரி.

ஒரு வீட்டு மாட்டுக்கு வெண்கல மணி, ஒரு வீட்டுக்கு மரமணி, இன்னொன்றுக்குத் தகரம். கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவார்கள் அந்த ஊர்ப் பிள்ளைகள். வஹிதாவுக்குத் தலைகால் புரியவில்லை. செயல்திட்டம் என்று தேடிக்கொண்டிருந்தது வாசலிலேயே நடந்து போகிறதே. மணிகளைப் பதிவு செய்து, யார் மாடு, எங்கே மேய்கிறது, என்ன தின்கிறது என்று பிள்ளைகளே தேடிச் சொல்லட்டும் என்று மாதேஸ்வரனிடம் ஓடினாள்.

"அதெல்லாம் வேண்டாம்மா. வானொலிக் கேசட்டைப் போடு, கேள்வியைக் கேளு, முடிச்சுடு. தேர்வாளர் கையில குறிப்பு இருக்கும், அதுல இருக்கறதைத்தான் பாப்பாங்க." தலையெழுத்தே என்று அப்படியே பாடக் குறிப்பு எழுதிக் கொடுத்தாள்.

தேர்வு நாள் காலையில் பள்ளிக்கூடத்தில் போட்டுப் பார்த்தபோது பெட்டி இழுத்து இழுத்துப் பேசியது. பேட்டரிக் கட்டை சோர்ந்துவிட்டால் வெயிலில் காய வைப்பது எல்லா வீட்டிலும் உள்ள பழக்கம். அவளும் கட்டைகளைப் பாறைமேல் பரப்பினாள். அத்தோடு விட்டிருக்கலாம். நாடாவும் நமுத்திருக்குமோ என்று கேசட்டையும் பக்கத்தில் காய வைத்தாளே, அங்கேதான் புத்தி கெட்டுப்போனது. வெயில் ஏறியபின் வந்து பார்த்தால் கட்டைகளுக்கு உயிர் வந்திருந்தது. கேசட் பொரித்த அப்பளம் மாதிரி வளைந்து கிடந்தது.

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தேர்வு மதியத்துக்கு மேல். பையில் இருந்ததோ அப்பாவின் கவ்வாலி கேசட் ஒன்றுதான். கிருஷ்ணகிரி கண்முன்னால் வந்து நின்றது. அழுதால் நடக்குமா? கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கடையில் வாங்கிய பாட்டுக் கேசட்டில் பதிய முடியாதபடி முதுகில் ஓட்டை இருக்கும். அதில் காகிதத்தை மடித்துத் திணித்தால் பதியும் என்று சித்தப்பா காட்டியிருந்தார். திணித்தாள். அப்பா, மன்னித்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டு வேளையில் பாதிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, மாடுகள் தண்ணீர் குடிக்க வரும் ஏரிக்கரைக்குப் போனாள். மீதிப் பேர் வகுப்பில் இருந்து கண்டுபிடிக்க வேண்டும். ஒவ்வொரு மாட்டுக்கும் பெட்டியின் மைக்கை நீட்டினார்கள். பதிவு முடியும் நேரத்தில் செல்லி வீட்டுப் பக்கமிருந்து மூச்சிரைக்க ஓடிவந்து, மடியிலிருந்த ஒரு மணியை எடுத்து மைக்குக்கு நேரே ஆட்டினாள்.

மதியம் தேர்வாளர் கண்ணம்மாள் வந்து உட்கார்ந்தார். மாதேஸ்வரன் கூட வந்தார். பெட்டியிலிருந்து பசுவின் பயன்கள் வருவதற்குப் பதிலாக மணி வந்ததும் அவர் முகம் சுண்டிப்போனது. வகுப்போ துள்ளியது. "காளியப்பன் வூடு!" "பாஞ்சாலியக்கா எருமை!" கடைசி மணி வந்தது.

"செல்லி வூட்டு மாடு" என்றான் ஒருவன். "ஆனா மாடுதான் இல்லியே."

வஹிதா பதிவுப் பொத்தானை அழுத்தி மைக்கைச் செல்லியிடம் நீட்டினாள். "மாடு எங்கம்மா?"

"ஹசு இல்லீங்க. மழெ இல்லெ, மேவு இல்லெ. அப்பன் சந்தையில வித்துட்டாரு. மணிய மட்டும் நான் குடுக்கல."

"மேவுன்னா தீனிங்க டீச்சர்" என்று பக்கத்திலிருந்தவள் எடுத்துக் கொடுத்தாள். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. எங்கள் வீட்டிலும் விற்றார்கள், எங்கள் வீட்டிலும் என்று ஒவ்வொருவராக எழுந்தார்கள். சாக்கட்டியால் தரையில் ஊரை வரைந்தார்கள். மாடு இருக்கும் வீட்டில் கல் வைத்தார்கள், போன வீட்டை வெறுமனே விட்டார்கள். எந்தக் காட்டில் புல் இருக்கிறது என்று சண்டை வந்தது. கண்ணம்மாள் நாற்காலியை விட்டு இறங்கி வந்து குனிந்து பார்த்தார்.

பள்ளி மணி அடித்த பிறகும் பெட்டி பதிந்துகொண்டே இருந்தது. செல்லி கேட்டாள்: "நாளைக்கு வருவீங்களா டீச்சர்?"

"வருவேன். மிச்ச வீடெல்லாம் வரைய வேணாமா?"

கண்ணம்மாள் வஹிதாவைத் தனியே கூப்பிட்டார். "பாடம் நல்லா இருந்துச்சும்மா. பொய் சொல்ல மாட்டேன். ஆனா எழுதிக் குடுத்தது ஒண்ணு, நடத்துனது ஒண்ணு. குறிப்புல இல்லாத பாடத்துக்கு நான் எப்படி மார்க் போடுவேன்? அடுத்த வருசம் எழுது" என்றார். அடுத்த வருசம் என்ற ஒன்று தனக்கு இல்லை என்று வஹிதா அவரிடம் சொல்லவில்லை.

சாயங்காலம் கடைக்குள் நுழைந்ததுமே, "தேறலைப்பா" என்றாள். ஊசி நின்றது. அம்மா ஹமீதுன்னிசா மகளைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள், பஞ்சை ஒதுக்கினாள். அப்துல் சுபான் பெட்டியை வாங்கி, நாடாவை முதலுக்குத் திருப்பி, வழக்கம்போல் பொத்தானை அழுத்தினார். கவ்வாலிக்குப் பதில் மாட்டு மணி வந்தது.

"என் பாட்டு எங்க?"

வஹிதா நடந்ததை எல்லாம் சொன்னாள். பெட்டி அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. செல்லியின் மாடு போன கதை வந்தது, பிள்ளைகளின் சண்டை வந்தது, கடைசியில் அந்தக் குரலும் வந்தது: நாளைக்கு வருவீங்களா டீச்சர்? வருவேன்.

அப்துல் சுபான் பெட்டியை நிறுத்தினார். "நாளைக்கு வர்றேன்னு சொல்லியிருக்கே."

"பேச்சுவாக்குல வந்துடுச்சுப்பா. பயிற்சி இன்னியோட முடிஞ்சுது."

"அது அந்தப் புள்ளைக்குத் தெரியுமா?"

அவர் ஊசியை எடுத்துக் கோத்தார். மெத்தையைப் பார்த்தபடியே தைத்தார்.

"முதல் பஸ்ஸுக்குப் போ. பொட்டியையும் எடுத்துக்க. கிருஷ்ணகிரிக்காரங்களுக்கு நான் சொல்லிக்கறேன், எம் பொண்ணு ஒரு எடத்துல வாக்குக் குடுத்திருக்குதுன்னு."

மறுநாள் வஹிதா போனாள். மிச்ச வீடுகளையும் வரைந்து முடித்தார்கள். அடுத்த ஆண்டுத் தேர்வுக்கும் அதே பள்ளிக்கூடத்தையே கேட்டு வாங்கினாள். பாடக் குறிப்பில் கருவிகள் என்ற இடத்தில் 'டேப் ரிக்கார்டர், மாட்டு மணிகள், செல்லி' என்று எழுதிக்கொண்டுபோய் மாதேஸ்வரன் முன்னால் வைத்தாள்.

"ஒரு புள்ளை பேரையெல்லாம் எழுதுவாங்களாம்மா?" என்றார் அவர்.

"எழுதலைன்னா மார்க் கிடையாதுங்களே சார்" என்றாள் வஹிதா, கையெழுத்துப் போடப் பேனாவை நீட்டியபடி.