கட்டில் சட்டத்தில ஒட்டின காந்தம்

மற்ற ஆக்களின்ர வீட்டுத் திறப்புகளைச் சாவிக்கொத்தா இடுப்பில கொழுவிக்கொண்டு திரியிறதுதான் எங்கட வேலை. வயசு போனவையின்ர வீடுகளுக்குப் போய் மருந்து குடுத்து, கால் கழுவி, சொக்ஸ் போட்டுவிடுற கொமூன எண்ட நகரசபை வேலையில நிண்டு முதுகு முறியிற என்ர சகோதரங்களே, உங்களுக்கு இதை நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. பட்டணத்தில இப்ப கன வீடுகளைக் கைப்போனாலயே திறக்கலாம். விபோர்க்குக்கு வெளியால, வயலுக்கு நடுவில இருக்கிற வீடுகளுக்கு இன்னும் இரும்புத் திறப்புத்தான். என்னட்டைப் பதினெட்டு. இடுப்பு நோவுக்கு டொக்டர் வயசுதான் காரணம் எண்டவர். நான் இண்டைக்கும் திறப்புத்தான் எண்டுவன்.

முழங்காலில நிக்கேக்க

ஹோல்கருக்கு எண்பத்துநாலு வயசு, வேட்டைக்குப் போய்த் திரிஞ்ச மனுசன். பெண்சாதி கிர்ஸ்டனுக்கு மறதி வருத்தம். ரெண்டு பேருக்கும் கொமூன குடுத்த இரும்புக் கட்டில், பொத்தானை அமத்தினால் ஏறி இறங்கும். இந்த நாட்டில எல்லாரும் எல்லாருக்கும் நீதான். எண்பத்துநாலு வயசு மனுசனை நீ எண்டு கூப்பிடப் பழக எனக்கு ரெண்டு வருசம் எடுத்தது. தமிழில எழுதேக்க கை வருகுதில்லை, அதால நீங்கள் எண்டே எழுதிறன்.

ஒருநாள் காலமை அவற்ற கட்டிலடியில முழங்காலில நிண்டு, காலை இறுக்கிப் பிடிக்கிற அந்தச் சொக்ஸை ஏத்திக்கொண்டு இருக்கிறன். டக் எண்டொரு சத்தம். இடுப்பில கிடந்த திறப்புக் கோர்வை கட்டில் சட்டத்தில போய் ஒட்டிப்போட்டுது. எழும்ப ஏலாது. குனிஞ்சு பாத்தால் சவர்க்காரக்கட்டி அளவில, றப்பர் பூசின ரெண்டு காந்தம். எங்கட வீட்டுப் பிரிட்ஜிலயும் மடு மாதா, லூர்து மாதா எண்டு ஏழெட்டுக் காந்தம் இருக்கு, ஒரு காயிதத்தைப் பிடிச்சு வைச்சிருக்க அதுகளுக்குப் பலமில்லை. இது மனுசரையே பிடிச்சு வைச்சிருக்குது!

கேட்டன். மகன் நத்தாருக்கு அனுப்பினதாம். துவக்கு அலுமாரிக்குள்ள குழல் ஒண்டிலயொண்டு சாயாமல் பிடிக்கிற சாமான். அலுமாரி கீழ நிலவறையில. இந்த நாட்டுச் சட்டப்படி துவக்கு பூட்டின இரும்பு அலுமாரிக்குள்ளதான் இருக்க வேணும், திறப்பு பெண்சாதிக்கும் குடுக்கக்கூடாது. மன்னாரில எங்கட வீட்டுக் கதவைத் துவக்கோட தட்டினவையை நான் எண்ணி வைச்சிருக்கிறன், அதை இதில எழுதேல்லை. அப்ப இது ஏன் கட்டிலடியில எண்டு கேட்டதுக்கு ஹோல்கர் சிரிக்காமல் சொன்னார்: "நாலு வந்தது, அலுமாரிக்கு ரெண்டு போதும். மிச்சம் ரெண்டும் சும்மா இருக்கட்டும், என்னைப் போல."

கொழுவிப்போட்டு வந்தது

அதுக்குப் பிறகு நான் அங்க போனால் முதல் வேலை, கோர்வையைக் கழட்டி அந்தக் காந்தத்தில விடுறது. இடுப்புக்கு ஒரு ஆறுதல். கண்டதைக் கொழுக்கி ஆக்கிற பழக்கம் எங்கட ஆக்களிட்ட இருக்கு. என்ர பெரியக்கா ஒருக்கா ஆஸ்பத்திரியில மருந்து ஏத்திற கம்பியில தன்ர கைப்பையைக் கொழுவி நேர்ஸிட்டை ஏச்சு வாங்கினவ. சரி, அதை விடுவம்.

ரெண்டு கிழமை போச்சு. ஒரு வியாழக்கிழமை அடுத்த வீட்டுக் கேற்றில நிண்டு இடுப்பைத் தடவினன், கோர்வை இல்லை. பதினெட்டு வீட்டுத் திறப்பு! காரைத் திருப்பிக்கொண்டு ஓடினன். பகலில அவையின்ர கதவு பூட்டுறேல்லை. குசினியில ஹோல்கர் விசிலடிச்சுக்கொண்டு கோப்பி போடுற சத்தம் கேட்டது. நான் சப்பாத்துக்கு உறையும் போடாமல் நேர படுக்கையறைக்குப் போனன்.

திறப்பு மேசையில வடிவா எடுத்து வைச்சுக் கிடந்தது. அது ஒட்டியிருந்த இடத்தில, கட்டில் நீளத்துக்கு, வேட்டைத் துவக்கு. எனக்கு அப்பதான் விளங்கினது. நாங்கள் வாற நேரம் பாத்து அவர் அதை ஒளிச்சு வைக்கிறார், போனாப் பிறகு திரும்ப மாட்டுறார். நான் வெறுமையா இருக்குதெண்டு நினைச்ச இடம் நான் நிக்கிற இருபது நிமிசத்துக்குத்தான் வெறுமை.

கிர்ஸ்டன் கட்டில் விளிம்பில இருந்து, குனிஞ்சு, ஒட்டினபடியே கிடந்த குழலை ஒரு துவாயால துடைச்சுக்கொண்டு இருந்தா, குளிப்பாட்டின பிள்ளைக்கு முதுகு துடைக்கிற மாதிரி. "கிர்ஸ்டன், என்ன செய்யிறியள்?" எண்டு மெல்லக் கேட்டன். அவ விரலை வாயில வைச்சா.

"சத்தம் போடாதே. குசினியில ஒரு ஆம்பிளை நிக்கிறான், ஆரெண்டு எனக்குத் தெரியேல்லை."

பதினொரு படி

கிர்ஸ்டனைக் கையில பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போய் முன்னறையில இருத்தினன். சாந்தமாத்தான் வந்தா. பிறகு ஹோல்கரைப் படுக்கையறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினன். லைசென்ஸ் இல்லாத ஆக்கள் துவக்கில தொடக்கூடாது, தொடச்சொன்னாலும் நான் தொடமாட்டன். அவரே எடுத்து, குழலை நடுவால மடிச்சுத் திறந்து காட்டினார். உள்ளுக்கு ஒண்டுமில்லை.

"தோட்டா எங்க?" எண்டன். கதிரையில கிடந்த கம்பளிச் சட்டையைக் காட்டினார். பொக்கற்றுக்குள்ள ரெண்டு. உங்களுக்குச் சொல்லவேணும், அந்தச் சட்டையைத்தான் குளிருக்குக் கிர்ஸ்டன் போட்டுக்கொண்டு திரியிறவ.

நரி வருகுதாம், கோழிக்கூட்டடிக்கு. "மூண்டு கோழிக்கோ இது?" எண்டு கேட்டன். மனுசன் கட்டிலில இருந்தார். பிறகுதான் உண்மை வந்தது. மாரியில ஒருநாள் துடைக்கவெண்டு துவக்கை மேல கொண்டுவந்தவராம். திரும்பக் கொண்டுபோய் வைக்க ஏலாமல் போச்சு. நிலவறைக்குப் பதினொரு படி, முழங்கால் விடுகுதில்லை. அதை மகனிட்டைச் சொன்னால் அப்பாவால வீடு பாக்க ஏலாது எண்டு வந்திடும். பிறகு கொமூன வரும், கணக்குப் பாக்கும், கிர்ஸ்டனைப் பராமரிப்பு இல்லத்தில விடும். அவரை விடாது. அவருக்கு அங்க போற அளவுக்கு வருத்தம் காணாது.

"நீ இதைக் கொமூன அறிக்கையில எழுதினால் அவையள் துவக்கை எடுக்கிறதோட நிக்கமாட்டினம்" எண்டார். "கிர்ஸ்டனையும் எடுப்பினம்."

லோனே சொன்னது

காருக்குள்ள போய் இருந்து லோனேக்குப் போன் அடிச்சன். லோனே என்னோட பதினாறு வருசமா வேலை செய்யிறவ. அந்த வீட்டுக்குக் காலமை நான், பின்னேரம் அவ. எனக்கு ஐஸில கார் ஓட்டப் பழக்கினதும் அவதான், ரெண்டு பேருமாப் போய் வாய்க்காலுக்குள்ள விழுந்த கதை வேற. எப்பவும் பகிடி விடுற பிள்ளை. அண்டைக்கு ஒரு பகிடியும் வரேல்லை.

நான் சும்மா நியாயம் பேசினன். இண்டைக்கு எப்பிடியாவது துவக்கைக் கீழ கொண்டுபோய்ப் பூட்டுவம், தோட்டாவை அவரே பூட்டட்டும், நாங்கள் ரெண்டு பேரும் கண்ணில எண்ணெய் விட்டுக்கொண்டு பாப்பம், ரெண்டு வயசு போனதுகளைப் பிரிச்ச பாவம் எங்களுக்கு எதுக்கு எண்டன். அவ கடைசிவரைக்கும் கேட்டா.

"எழுது. நீ எழுதாட்டி, இண்டைக்குப் பின்னேரம் அந்த அறைக்குள்ள போறது நான்."

முன்னால இருந்து எழுதினது

திரும்பி உள்ளுக்குப் போனன். முதல்ல துவக்கு. நான் முன்னால, பின்பக்கமாப் படி இறங்கிறன். அவற்ற ஒரு கை என்ர தோளில, மற்றக் கையில மடிச்ச துவக்கு, பொக்கற்றில தோட்டா. படிக்கொரு அருள்நிறை மந்திரம் மாதாவுக்குச் சொன்னன், தமிழிலதான். ஆறாம் படியில ரெண்டு பேரும் இருந்து மூச்சு வாங்கினம். மேல கிர்ஸ்டன் ஏதோ பாடுறது கேட்டுது. அவர் அலுமாரியைப் பூட்டி, திறப்பைக் காற்சட்டைப் பொக்கற்றுக்குள்ள வைச்சார். ஏறி வர ரெண்டு மடங்கு நேரம் எடுத்தது. எனக்கு அடுத்த ரெண்டு வீடும் பிந்திப்போச்சு.

பிறகு குசினி மேசையில அவருக்கு முன்னால இருந்து எழுதினன். ஒரு ஆளைப் பற்றி அவருக்குப் பின்னால எழுதிறது எனக்குப் பிடிக்காது. துவக்கு இருந்த இடம், தோட்டா இருந்த சட்டை, கிர்ஸ்டன் சொன்ன வார்த்தை, எல்லாத்தையும் எழுதி ஒவ்வொரு வரியாச் சத்தமா வாசிச்சுக் காட்டினன். படியைப் பற்றி எழுதேக்க மட்டும் மனம் இடம் குடுக்கேல்லை. 'கொஞ்சம் கஷ்டப்பட்டு இறங்குவார்' எண்டு போட்டன்.

மனுசன் கண்ணாடியைப் போட்டு எட்டிப் பாத்தார்.

"பொய் எழுதாதே. ஏலாது எண்டு எழுது."

ஞாயிற்றுக்கிழமை

சனிக்கிழமை கோல்டிங் பட்டணத்தில இருந்து மகன் வந்து துவக்குகள் எல்லாத்தையும் ஏத்திக்கொண்டு போனவர். கொமூனவில இருந்து ஒரு பிள்ளை விசாரிக்க வந்தா, பிறகும் வந்தா. கோடை முடிய, ஹோல்கர் பயந்த மாதிரியே, கிர்ஸ்டனுக்கு இல்லத்தில இடம் கிடைச்சது, அவருக்கு இல்லை. அவர் ஒவ்வொரு நாளும் பஸ் எடுத்துப் போறார் எண்டு லோனே சொன்னவ. காலமை முறையையும் லோனேயிட்டை விட்டிட்டு நான் அந்தப் பக்கம் போகேல்லை. போக ஏலாத வேலை எண்டில்லை, மனமில்லை.

போன மாசம் ஒரு ஞாயிறு, பூசை முடிஞ்சு வர, அந்த இல்லத்தில வேலை செய்யிற ஒராளுக்குச் சுகமில்லை, பதிலுக்கு வரேலுமோ எண்டு போன் வந்தது. போனால் யன்னலடியில ரெண்டு பேரும் இருக்கினம். கிர்ஸ்டனுக்குத் தலை வடிவா வாரி இழுத்திருக்கு, கொஞ்சம் சதையும் வைச்சிருக்கிறா. ஹோல்கர் என்னை ஒருக்காப் பாத்தார். வீட்டில இருந்து கொண்டுவந்த பிளாஸ்கைத் திறந்து மூண்டாவது கோப்பை ஒண்டு தேடி எடுத்தார்.

கிர்ஸ்டன் என்ர கையைப் பிடிச்சுத் தன்ர பக்கம் இழுத்து, அவருக்குக் கேக்காதெண்டு நினைச்சுச் சொன்னா: "இந்த மனுசன் ஒவ்வொரு நாளும் வாறார், நல்ல ஆள். என்ர புருசனுக்கு மட்டும் சொல்லிப்போடாதே."

நான் செய்தது சரிதான் எண்டு இதுவரைக்கும் ஏழெட்டுப் பேர் சொல்லிப்போட்டினம், சொல்லவேண்டிய ஒராள் மட்டும் எனக்குக் கோப்பியை ஊத்தித் தந்திட்டுப் பேசாமல் இருக்கிறார்.