இடாப்பில் இருந்த சரீபா

எழுபத்தொன்பதாம் ஆண்டு தை மாதம், கல்முனையில் எங்கள் மூன்றாம் வகுப்புக்குப் புதிதாக ஒரு பிள்ளை வந்தாள். இரண்டு மாதத்துக்கு முன் அடித்த சூறாவளியில் ஓட்டமாவடியில் அவர்களின் வீடு விழுந்துவிட்டது. அவளுடைய உம்மாவின் தங்கை வீட்டை நம்பி எங்கள் ஊருக்கு வந்த குடும்பம்.

ஹாஜறா டீச்சர் இடாப்பை விரித்துப் பெயர் வாசித்தார். "சரீபா."

பதில் இல்லை. மறுபடியும் "சரீபா" என்றார். புதுப் பிள்ளை வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

"வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிரிக்காய்?"

வகுப்பே சிரித்தது. அவள் பக்கத்தில் அதே வாங்கில் இருந்த நான்தான் எல்லாரையும்விட உரக்கச் சிரித்தேன்.

தினமும் இதே கூத்து. வாசிக்கச் சொன்னால் கடகடவென்று வாசிப்பாள். கணக்கில் என்னைத் தூக்கிச் சாப்பிட்டுவிடுவாள். ஆனால் இடாப்பில் அவள் பெயர் வந்தால் வாய் திறக்காது. அடிமட்டத்தால் உள்ளங்கையில் அடி விழும். கண் கலங்கும், சத்தம் வராது. ஆள் முன்னால் இருக்கவே 'வரவில்லை' என்று குறித்த நாட்களும் உண்டு.

ஜின் பிடித்திருக்கிறது என்றது ஊர். ஓதிப் பார்த்து அவள் கழுத்தில் கறுப்பு நூல் கட்டினார்கள். ஒன்று, இரண்டாகி மூன்றானது. ஜின் அசையவில்லை. இருந்தால்தானே அசைய!

மூன்று மாதம் பொறுத்த அதிபர், இனியும் இப்படியென்றால் பெயரை வெட்டிவிடுவதாகச் சொல்லி அவளுடைய வாப்பாவுக்கு ஒரு கடிதம் எழுதினார். அதைக் கொண்டுபோகும் வேலை என் தலையில் விழுந்தது. நான் அவர்கள் வீட்டுக் கடப்படியில் நின்றபோது உள்ளேயிருந்து அவளுடைய உம்மா கூப்பிட்டார்.

"றாஹிலா! ஆரோ வந்திரிக்காங்க புள்ள!"

"இந்தா வாறன் உம்மா" என்று கணீரென்று சொல்லிக்கொண்டு ஓடிவந்தது அவள்தான்.

"நீ றாஹிலாவா? அப்ப சரீபா ஆரு?" என்று கேட்டேன்.

"என்ட ராத்தா."

"எங்க அவ?"

"செவர் விழுந்து மௌத்தாகிட்டா."

சூறாவளியோடு வந்த வெள்ளத்தில் வீட்டுக் காகிதங்கள் எல்லாம் போய்விட்டன. சேற்றிலிருந்து எடுத்துக் காயவைத்ததில் மிஞ்சியது அவளுக்கு மூத்த அந்த ராத்தாவின் பிறப்புப் பத்திரம் ஒன்றுதான். பத்திரம் இல்லாமல் பிள்ளையைச் சேர்க்கமாட்டோம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்ல, வாப்பா அதையே நீட்டிவிட்டார்.

"டீச்சர் கூப்பிட்டா ஓம் எண்டு சொல்லிட்டுப் போயேன்டி. என்னத்துக்கு அடி வாங்குறாய்?"

"என்னையா கூப்பிடுறாங்க? ராத்தாவத்தானே. அவ வந்து பதில் சொல்லுவாவோ எண்டு பாத்துக்கிட்டு இரிப்பன்."

சிரித்த வாயை அன்றைக்கு எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

நான் சொன்னதைக் கேட்டதும் ஹாஜறா டீச்சர் இடாப்பை மூடி வைத்தார். என்னையும் கூட்டிக்கொண்டு அவளுடைய வாப்பாவிடம் போனார். வாப்பா ஆதம்பாவா அப்போது அரிசி மில்லில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். புதுப் பத்திரம் எடுக்கலாம், தானே அலைந்து எடுத்துத் தருகிறேன் என்று டீச்சர் சொன்னார். அவர் தலையை ஆட்டி மறுத்தார்.

"வேணாம் டீச்சர். அண்டைக்குக் காத்துக்குள்ள நிண்டு சரீபா, சரீபா எண்டு கத்தினன். புள்ள பதில் சொல்லல்ல. பள்ளிக்கூடத்திலயாவது அந்தப் பேருக்கு ஒரு பதில் வரட்டும்."

அந்த மனுசனை நினைத்தால் எனக்குப் பாவமாகவும் இருக்கும், பற்றிக்கொண்டும் வரும். செத்த பிள்ளைக்காக உயிரோடிருக்கிற பிள்ளையைத் தொலைப்பார்களா?

அதன்பிறகு டீச்சர் அவளை அடிக்கவில்லை. அந்தப் பெயர் வரும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார். பெயரை வெட்டிவிடுவார்கள் என்ற பயத்தில் அவளும் "இரிக்கன் டீச்சர்" என்று சொல்லப் பழகினாள். மூன்றாவது நூலுக்குத்தான் ஜின் போனது என்று ஊர் பேசிக்கொண்டது. காற்றுப் பலமாக அடிக்கிற நாட்களில் மேசைக்கடியில் போய்க் குந்தியிருந்து நடுங்குபவளை ஊர் எங்கே கண்டது? பெரிய வகுப்புக்கு வந்த பிறகும் அப்படித்தான். நான் கூடக் குனிந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டிருப்பேன்.

எண்பத்தாறில் இருவரும் ஓ லெவல் பரீட்சை எழுதினோம். என்னைவிட நல்ல பெறுபேறு அவளுக்கு. நான் ஓடிப்போய்ச் சொன்னேன்.

"ராத்தா பாஸாகிட்டாவா?" என்று கேட்டாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பெறுபேற்றுத் தாளை வாங்க அவள் போகவேயில்லை. மேலே படிக்கவுமில்லை. எத்தனை சொல்லியும் கேட்கவில்லை. எனக்கு அந்த வயிற்றெரிச்சல் இன்றுவரை ஆறவில்லை.

எண்பத்தெட்டில் அவளுக்கு நிக்காஹ். ஆண்கள் மண்டபத்தில். திரைச்சீலைக்கு இந்தப்புறம் அறைக்குள் நாங்கள். பதிவுப் புத்தகத்தில் பத்திரத்தில் உள்ளபடி சரீபா என்று எழுதியாயிற்று. இனி வாப்பா மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, மகளின் பெயரைத் தன் வாயால் சொல்லிக் கொடுக்க வேண்டும். லெவ்வை முன்னால் சொல்ல, அவர் பின்னால் சொல்வது முறை.

"என் மகள் சரீபாவை…" என்றார் லெவ்வை.

வாப்பாவிடமிருந்து சத்தமில்லை.

"சொல்லுங்க காக்கா. என் மகள் சரீபாவை…"

மறுபடியும் சத்தமில்லை. மண்டபத்தில் குசுகுசுப்புக் கிளம்பியது. என் பக்கத்தில் அவள் தலையை நிமிர்த்தித் திரைச்சீலையைப் பார்த்தாள். மூன்றாம் வகுப்பில் வாசலைப் பார்த்த அதே பார்வை.

"அவ மௌத்து" என்றார் வாப்பா. "அவ மௌத்தாகிப் பத்து வருசம். இது றாஹிலா. என்ட மகள் றாஹிலா."

இத்தனை வருசத்தில் அவர் வாயில் றாஹிலா என்ற பெயரை நான் கேட்டதே இல்லை.

அவள் என் கையை இறுக்கிப் பிடித்தாள். முக்காட்டுக்குள்ளிருந்து, எனக்கு மட்டும் கேட்கிற குரலில், "இரிக்கன் வாப்பா" என்றாள்.