மஞ்சள் மருந்தில் நனைத்த கயிறு

பாளையம்பட்டியில் என் கமிஷன் கடையில் மிளகாய் வத்தல் மூட்டையைப் பிரித்துத் தரம் பார்த்துக்கொண்டிருந்த காலையில் அந்த போன் வந்தது. பேசியது கருப்பசாமி. பாண்டியம்மாள் அக்காவின் தம்பி.

"அக்கா, எங்கக்கா போயிட்டாக. காலை டூட்டிக்குப் போனவுக, உடுப்பு மாத்துற எடத்துல நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தாகளாம். அம்புட்டுத்தான்."

அழுகை வருவதற்குள் அவன் அடுத்ததைச் சொல்லிவிட்டான்.

"ஒங்க தோட்டத்துல வாழைக்கன்னு நிக்கிதுல்ல? ஒண்ணு வெட்டிக் குடுத்து விடுங்கக்கா. பெரியப்பா கேக்கச் சொன்னாக."

எதற்கென்று எனக்குத் தெரியும். எங்கள் பக்கம் சில குடும்பங்களில், கல்யாணம் ஆகாத பெண் இறந்துபோனால் வாழைக்கன்றை மாப்பிள்ளையாக நிறுத்தி, பிணத்தின் கழுத்தில் தாலி கட்டிய பிறகுதான் தூக்குவார்கள். கன்னியாகப் போனவள் ஆவியாக ஊரைச் சுற்றுவாளாம். போனை வைத்ததும் எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அஞ்சலி எழுதும்போது கோபம் கூடாது என்பார்கள். தலைச்சுமையாக வத்தல் விற்றுக் கடை வைத்தவள் நான். எனக்கு அந்த நாசூக்கெல்லாம் பழக்கமில்லை.

பாண்டியம்மாள் அக்காவும் நானும் திருச்சுழிக்குப் பக்கத்தில் ஒரே தெருவில் பிறந்தவர்கள். எங்கள் இரண்டு வீட்டாருமே அடுத்தவர் காட்டில் களையெடுத்தவர்கள்தான். அவர் என்னைவிட நான்கு வயது மூத்தவர். எங்கள் தெருவில் முதலில் நர்ஸுக்குப் படித்தவர் அவர்தான். மதுரையில் சில வருடம் வேலை பார்த்துவிட்டு ஈராக்குக்குப் போனார். போகும் முன்பே திருச்சுழியில் உரக்கடைக்காரர் மகனுக்குப் பேசி முடித்திருந்தார்கள். ஒப்பந்தம் முடிந்து வந்ததும் கல்யாணம் என்று ஏற்பாடு.

அங்கே சண்டை மூண்டு, மதத்தின் பேரைச் சொல்லிக்கொண்டு வந்த கறுப்புக் கொடிக்காரர்கள் அக்கா வேலை பார்த்த நகரத்தைப் பிடித்துக்கொண்டார்கள். ஆஸ்பத்திரியும் அவர்கள் கைக்குப் போனது. பெண் டாக்டர்கள் ஆபரேஷன் செய்யும்போதுகூட முகத்தை மூட வேண்டும், கறுப்புக் கையுறையைக் கழற்றக் கூடாது. வீட்டு ஆண் ஒருவன் கூட வராமல் எந்தப் பெண்ணும் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டக் கூடாது. புருஷனைச் சண்டையில் பறிகொடுத்த நிறைமாதக்காரி ஒருத்தி தனியாக வந்தாள். காவல்காரன் அவளை வாசலிலேயே நிறுத்திவிட்டான். அக்கா என்னிடம் ஒரே ஒரு முறைதான் இதைச் சொன்னார்.

"உள்ள கத்தி இருந்துச்சு, நூலு இருந்துச்சு, மருந்து இருந்துச்சு. நானும் இருந்தேன். ஆம்பள மட்டும் இல்ல. அதனால செத்துப் போச்சு, ராசாத்தி. தாயும் பிள்ளையும்."

பிறகு அவர்களின் தலைவன் ஒருவன் நர்சுகளைப் பார்வையிட வந்தான். கல்யாணமாகாதவர்களைத் தன் ஆட்களுக்குக் கட்டிவைக்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனான். கட்டிவைப்பது என்ற சொல்லுக்கு அவன் அகராதியில் என்ன அர்த்தமோ, நான் எழுதி இந்தத் தாளை அழுக்காக்க விரும்பவில்லை. அன்றைக்கு அக்கா, காயத்துக்குக் கட்டும் துணியிலிருந்து நூலை உருவி, முறுக்கி, புண்ணுக்குப் போடும் மஞ்சள் மருந்தில் நனைத்துக் கழுத்தில் கட்டிக்கொண்டார். தாலி இருக்கவேண்டிய இடத்தில் ஓர் ஊக்கு. மறுநாள் அவன் கேட்டபோது, "எனக்கு ஊர்ல புருஷன் இருக்காரு. இதுதான் எங்க அடையாளம்" என்று அந்தக் கயிற்றைத் தூக்கிக் காட்டினார்.

சில வாரம் கழித்து அந்த ஊர் டாக்டரம்மா ஒருவர், அக்காவுக்குத் தன் கறுப்பு அங்கியைப் போட்டுவிட்டு, தன் வீட்டு மருமகள் என்று சொல்லி, புருஷனோடு காரில் வைத்துச் சோதனைச் சாவடிகளைத் தாண்டிப் பத்திரமான ஊரில் கொண்டுவந்து விட்டார். பிடிபட்டிருந்தால் மூவர் தலையும் போயிருக்கும்.

மதுரை விமான நிலையத்துக்கு அவர் அம்மாவையும் கூட்டிக்கொண்டு நான்தான் வேன் எடுத்துப் போனேன். வழியில் அந்தக் கயிற்றைப் பார்த்துவிட்டு, "இது என்னக்கா?" என்றேன். தொட்டுப் பார்த்துச் சிரித்துவிட்டார். "இது கெடக்குறதே மறந்து போச்சுடி. வீட்டுல போயி அவுப்போம்."

அவிழ்ப்பதற்குள் ஊர் பார்த்துவிட்டது. அவர் பிழைத்து வந்ததை ஒருவரும் பார்க்கவில்லை, கழுத்தை மட்டும் பார்த்தார்கள். முதலில் வாயைத் திறந்தது அவர் அப்பாவின் அண்ணன், பெரியப்பா. "அங்க எவனுக்கோ கழுத்தை நீட்டிட்டு வந்திருக்கா. எத்தனை பேரோ, யாரு கண்டா?" மருந்து, நூல், ஊக்கு எல்லாவற்றையும் அக்கா விளக்கிச் சொன்னார். யார் கேட்டார்கள்? உரக்கடைக்காரர் வீட்டிலிருந்து ஆள் வந்தது: "கயிறோட வந்த பிள்ளை எங்களுக்கு வேணாம்." பெரியப்பா தன் மகள் கல்யாணத்துக்கு அக்காவை அழைக்கவில்லை. பத்திரிகை வைக்காவிட்டாலும் போன அக்காவை மண்டப வாசலிலேயே திருப்பி அனுப்பினார்.

அதற்குப் பிறகு வந்த வரன்களை அக்காவே வேண்டாம் என்றுவிட்டார். அருப்புக்கோட்டையில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் கடைசி வரைக்கும் வேலை பார்த்தார். திருச்சுழியிலிருந்தும் வீரசோழனிலிருந்தும், "பாண்டியம்மா சிஸ்டர் எந்நேரம் இருப்பாக?" என்று கேட்டுக்கொண்டு வருவார்கள். ஒருநாள் அக்கா என் கடைக்கு வந்திருந்தபோது, வத்தல் வாங்க வந்த ஒருவர், அவருக்குப் பரிந்து பேசுவதாக நினைத்து, "அந்த மதத்துக்காரனுகளே அப்படித்தாம்மா" என்றார். அக்கா அவரை விடவில்லை.

"என்னைய உசுரோட கொண்டாந்து விட்டதும் அந்த மதத்துப் பொம்பளதான். என்னைய வாசல்ல நிறுத்தி அனுப்புனது எங்க பெரியப்பா. அவரு எந்த மதம்ணே?"

அந்த ஆள் போனதும் நான், "அங்கயும் இங்கயும் ஒண்ணுதான்க்கா" என்றேன்.

"ஒளறாத. அங்க வாயத் தெறந்தா சுடுவான். இங்க கேக்கலாம்ல? கேக்க முடிஞ்ச எடத்துல கேக்காம இருக்கமே, அதுதான்டி அசிங்கம்."

வாழைக்கன்று இல்லாமல்தான் துக்க வீட்டுக்குப் போனேன். அவர்களும் சும்மா இருக்கவில்லை, வேறெங்கோ ஆளனுப்பி ஒரு கன்று வாங்கி வைத்திருந்தார்கள். தாம்பாளத்தில் மஞ்சள் கயிறு. தலைமாட்டில் பெரியப்பா.

"நிறுத்துங்க பெரியப்பா," என்றேன்.

"ஏ தாயி, இது ஊரு முறை. கன்னியா அனுப்பக் கூடாது."

"கன்னியா? இவுக அங்க எவனையோ கட்டிக்கிட்டு வந்துட்டாகன்னு நீங்கதான சொன்னீக? கல்யாணமான பிள்ளைக்கு இன்னொரு தாலி எதுக்கு?"

அந்த அழுக்குப் பேச்சை, அதுவும் அக்காவின் தலைமாட்டில் நின்று, நான் எடுத்துப் பேசவேண்டி வந்தது. வாய் கூசியது. ஆனால் பேரத்தில் எதிராளி சொன்ன சொல்லிலேயே அவரை நிறுத்த வேண்டும். எனக்குத் தெரிந்த தொழில் அது ஒன்றுதான்.

"அப்ப ஏதோ சொன்னது…" என்று பெரியப்பா இழுத்தார்.

"பொய்யின்னு சொல்லுங்க. இந்தக் கூட்டத்துக்கு முன்னால, 'எங்க பிள்ளை மேல அபாண்டம் சொன்னோம்'னு ஒரு வார்த்தை. நானே என் கையால கயித்த எடுத்துக் குடுக்கேன்."

பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். உரக்கடைக்காரரும் வந்திருந்தார், தரையைப் பார்த்தார். கருப்பசாமி என்னைப் பார்த்தான், பெரியப்பாவைப் பார்த்தான், பிறகு மாலையைச் சரிசெய்யக் குனிந்துகொண்டான். செத்தவளுக்குத் தாலி கட்ட அத்தனை பேர் இருந்தார்கள். அவள் நல்லவள் என்று சொல்ல ஒரு ஆளில்லை. தூ என்று துப்பத் தோன்றியது. இழவு வீடாயிற்றே என்று விழுங்கிக்கொண்டேன்.

அக்காவின் அம்மா அதுவரை மகள் கால்மாட்டில் சுருண்டு கிடந்தார். எழுந்து வந்து, தாம்பாளத்தை எடுத்துப் பெரியப்பாவின் கையில் கொடுத்தார்.

"இதக் கொண்டு போங்க மச்சான். வேணாம்னு எம்புள்ள துப்பாக்கிக்காரன்கிட்டயே சொன்னவ. இப்ப வாய் பேச மாட்டாளேன்னு கட்டப் பாக்கீகளா?"

தூக்கினார்கள். எங்கள் ஊரில் பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட வேண்டும், நின்றோம். காற்றில் மாலை ஒதுங்கி, அவர் கழுத்து ஒரு கணம் தெரிந்தது. அங்கே ஒரு கயிறும் இல்லை.

போயிட்டு வாங்க அக்கா. இனி எந்த வாசல்லயும் உங்களை யாரும் மறிக்க மாட்டாக.