ரிவிட் அடித்த ஊன்றுகோல்

முந்நூற்று எழுபத்தொன்று. 2008இலிருந்து இந்த ஜனவரி வரை, தடுப்பூசிப் பெட்டியோடு சௌந்திரம் மலை ஏறிய புதன்கிழமைகள் இத்தனை. பயண நாட்குறிப்பில் தேதிவாரியாக இருக்கிறது. தன் காலால் இறங்கியவை முந்நூற்று எழுபது. கடைசி முறை, வழுக்குப் பாறையில் விழுந்த அவரை நாலு பேர் தூளி கட்டித் தூக்கி வந்தார்கள்.

சௌந்திரம் கிராம சுகாதார செவிலியர். வயது ஐம்பத்திரண்டு, உயரம் ஐந்தடி. வீடு நாமக்கல்லில். சேந்தமங்கலம் தாண்டி மலையடிவாரத்தில் இருக்கும் சுகாதார நிலையத்தில் வேலை. அவர் பொறுப்பில் உள்ள ஊர்களில் மேல்பாறைக்கு மட்டும் வண்டி போகாது. ஆறு கிலோமீட்டர் ஒற்றையடிப் பாதை, பாதிக்கு மேல் கல்லும் வேரும். ஏற மூன்று மணி நேரம், இறங்க இரண்டு.

விழுந்ததில் வலது முழங்கால் சவ்வு கிழிந்தது. பிப்ரவரியில் அவரே இடமாறுதலுக்கு மனுப் போட்டார். தப்பு சொல்ல யாருமில்லை. ஆனால் அவர் விழுந்ததிலிருந்து ஜூன் வரை மேல்பாறைக்கு எவரும் அனுப்பப்படவில்லை. ஊசி போட வேண்டிய பதினான்கு குழந்தைகளில் ஐந்தைத்தான் தாய்மார்கள் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். மற்ற ஒன்பது பெயர்களும் பதிவேட்டில் சிவப்பு மையில் நின்றன.

இடமாறுதல் கலந்தாய்வு ஜூன் இருபது என்று கடிதம் வந்தது. அதற்குள் ஒரு தடவை ஏறிப் பார்ப்பது, முடியாவிட்டால் கீழே வேறு ஊரை வாங்கிக்கொள்வது என்று அவர் முடிவு செய்தார்.

எலும்பு டாக்டர் படத்தை விளக்கின் முன் பிடித்துச் சொன்னார்: “ஏறுறதை விடுங்க. இறங்குறதுதாம்மா முட்டியத் திங்குது. ஒரு குச்சி பத்தாது, ரெண்டு கையிலயும் வேணும். மலையேறுறவங்க வச்சிருப்பாங்களே, அந்த மாதிரி.”

சேலத்தில் விளையாட்டுச் சாமான் கடை ஒன்றில் அது கிடைத்தது. விற்பனையாளர் தீனதயாளன் ஏழு ஜோடிகளை எடுத்துப் பரப்பினார். கார்பனில் செய்தது இறகு மாதிரி இருந்தது. சௌந்திரம் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

“இது கல்லிடுக்குல சிக்குனா?”

“பக்கவாட்டுல அழுத்தம் வந்தா ஒடிய வாய்ப்பிருக்குங்க மேடம்.”

“அலுமினியம்?”

“வளையும். வளைஞ்சாலும் ஊடு வந்து சேர்ந்துடலாம்.”

அலுமினியத்தில், நீளத்தைக் கூட்டிக் குறைத்துத் திருகி இறுக்கும் வகையை அவர் வேண்டாம் என்றார். ஊசி போட்டுவிட்டு ஈரக்கையோடு திருக முடியாது. நெம்பி மூடும் பூட்டு வைத்தது பிடித்திருந்தது. பிடி ரப்பரா, தக்கையா என்று இரண்டையும் பிடித்துப் பார்த்துத் தக்கையை எடுத்தார், வியர்வையில் நழுவாது. பிறகு கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கடையின் மாடிப்படியில் ஏறி இறங்கினார். ஒரு தடவை அல்ல, பதினோரு தடவை. நடுவில் கிரிக்கெட் மட்டை வாங்க வந்த குடும்பம் ஒன்று ஒதுங்கி வழிவிட்டது.

தீனதயாளன் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார்: “ஏறும்போது ஒரு சாண் குறைச்சுக்கங்க, இறங்கும்போது கூட்டிக்கங்க. அதுக்குத்தான் இந்தப் பூட்டே.”

அந்த வார வெள்ளிக்கிழமை நடந்ததைச் சௌந்திரம் மறைப்பதில்லை. அவர் கணவர் நாச்சிமுத்து முப்பது வருடமாக லாரி பாடி கட்டும் பட்டறையில் இருக்கிறார். அந்தத் தொழிலில் ஆடுகிற இணைப்பு எதுவும் இணைப்பே அல்ல. நாலு மாநிலத்துக் குழி மேட்டில் ஓடப்போகிற வண்டியில் எது அசையுமோ அதுதான் முதலில் கழன்று விழும். அவர் பூட்டை நெம்பித் திறந்தார், மூடினார், குச்சியைத் தரையில் ஓங்கிக் குத்தினார். ஒரு நூல் அளவு உள்ளே இறங்கியது.

“இத நம்பியா புள்ள பாறையில எறங்கப் போற? பொம்மைக் கடையில வாங்குனாப்புல இருக்குது.”

“அப்ப என்னங்க பண்றது?”

“உன்ற ஒசரத்துக்கு நிறுத்தி ரெண்டு ரிவிட் அடிச்சுட்டா, ஆனை மிதிச்சாலும் எறங்காது.”

“அப்படின்னா அடிச்சுக் குடுங்க” என்றார் சௌந்திரம். அவருக்கும் அதுதான் சரியென்று பட்டது. அந்த வீட்டில் எந்தப் பொருளும் ரிவிட் இல்லாமல் இருந்ததில்லை. தண்ணீர் வாளியின் கைப்பிடிகூட அப்படித்தான்.

சமதரைக்கு ஏற்ற உயரத்தில் நிறுத்தி, குழாய் குழாயோடு சேரும் இடத்தில் துளை போட்டு, நான்கு ரிவிட்களை நாச்சிமுத்து அடித்தார். வேலை சுத்தமாக இருந்தது. பட்டறையில் எல்லோரும் வாங்கிக் குத்திப் பார்த்தார்கள்.

ஜூன் பதினொன்று, புதன்கிழமை. நாலு கிலோ பெட்டியை முதுகில் கட்டிக்கொண்டு சௌந்திரம் ஏழரைக்கு ஏறத் தொடங்கினார். ஏற்றத்தில் குச்சிகள் நீளமாக இருந்தன. ஒவ்வொரு முறையும் கையைத் தோளுக்கு மேல் தூக்கி ஊன்ற வேண்டியிருந்தது. தோள் வலித்தது, முழங்கால் வலிக்கவில்லை. அந்தச் சந்தோஷத்தில் தோளை அவர் கண்டுகொள்ளவில்லை. நாலு மணி நேரத்தில் மேல்பாறையைத் தொட்டார்.

ஊர் முனையில் மணியன் நின்றிருந்தார். மிளகுக்கொடி ஏற்றுகிறவர், சௌந்திரத்தின் வயதுதான்.

“என்ன நர்சம்மா, போறப்ப ரெண்டு காலு, வாரப்ப நாலா?”

“போறப்ப எனக்கு எங்க காலு இருந்துச்சு? நீங்கதான தூக்கிட்டுப் போனீங்க.”

“அதச் சொல்லுங்க. தூக்குனவன் தோளு இன்னும் எறங்கிக் கெடக்குது. கொஞ்சம் எளைக்கக் கூடாது?”

பெண்கள் சிரித்தார்கள். குழந்தைகள் அழுதன. இரண்டு மணிக்குள் ஒன்பது பேருக்கும் ஊசி முடிந்தது. அதில் ஒன்று மணியனின் பேத்தி. குழந்தையை மடியில் அழுத்திப் பிடித்திருந்தது அவர்தான், அதன் தாய் பக்கத்தில் நின்றாலும். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 2004 முதல் 2008 வரை இந்த வேலை காலியாகக் கிடந்தது. யாரும் ஏறவில்லை. 2006இல் மேல்பாறையில் தட்டம்மை வந்து மூன்று குழந்தைகள் இறந்தன. ஒருத்தி மணியனின் மகள், மூன்று வயது. சௌந்திரம் முதல்முறை வந்த அன்று மணியன் பெட்டியைத் திறக்கச் சொல்லி உள்ளே பார்த்துவிட்டுப் போனார்.

பஞ்சைத் தேய்த்து முடித்ததும் மணியன் கேட்டார்: “எறங்கிப் போயிட்டா, இனி வருவீங்களா?”

“எறங்குனாத்தான் தெரியும்” என்றார் அவர்.

துணைக்கு மணியனும் கூட நடந்தார். இறக்கத்தில் குச்சிகள் எட்டவில்லை. கீழ்ப்படிக் கல்லை ஊன்ற ஒவ்வொரு முறையும் இடுப்பை வளைத்து முன்னால் சாய வேண்டியிருந்தது. உடல் எடையும் பெட்டியும் சேர்ந்து குச்சிமேல் கோணலாக விழுந்தன. தீனதயாளன் சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பூட்டைத் திறந்தார், திறந்தது. குழாய் நகரவில்லை.

மூன்றாவது கிலோமீட்டரில் வலக்கைக் குச்சி ஒடிந்தது. வளையவில்லை, பட்டென்று இரண்டானது. சௌந்திரம் பக்கவாட்டில் விழுந்து உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டார். மணியன் பெட்டியைக் கழற்றித் தன் தோளில் போட்டுக்கொண்டார். “தூக்கட்டுமா?” என்றார்.

“வேண்டாங்க சாமி. இன்னைக்குத் தூக்கிட்டீங்கன்னா நான் திரும்ப வரமாட்டன்.”

ஒற்றைக் குச்சியோடு, செங்குத்தான இடங்களில் உட்கார்ந்து நகர்ந்து, இருட்டும் முன் அடிவாரத்துக்கு வந்தார். நாலரை மணி நேரம். முழங்கால் வீங்கியிருந்தது. ஆனால் நடந்து வந்திருந்தார்.

நாச்சிமுத்து அன்று சாப்பிடவில்லை. ஒடிந்த துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தார். முறிவு சரியாகத் துளையில் இருந்தது. தொழில்காரருக்கு விளக்க வேண்டியதில்லை.

“ஓட்டை போட்ட எடத்துலயே போயிருக்குது. காகிதமாட்டம் இருக்கற குழாய்ல போயி… நீளத்த நிறுத்துனது, ஓட்டை போட்டது, ரெண்டும் நான் பண்ணுனதுதான்.”

“அடிக்கச் சொன்னது நானுங்க.”

“நீ சொல்லுவ. பாடி கட்டறவன் நானு, எனக்கில்ல தெரியோணும்?”

அவர் அடுத்த ஞாயிற்றுக்கிழமை தனியாகச் சேலம் போனார். கடையில் ஒடிந்த துண்டைக் காட்டி, நடந்ததை முழுவதும் சொல்லி, அதே ஜோடி ஒன்றைக் கேட்டார். பூட்டு இறுக்கம் குறைந்தால் திருப்பிக்கொள்ளும் சின்னத் திருகாணி எங்கே இருக்கிறது என்று தீனதயாளன் காட்டிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து நாச்சிமுத்து அதை மட்டும் முறுக்கினார். துளைபோடும் கருவியைப் பட்டறையிலிருந்து கொண்டுவரவே இல்லை. பேனாவால் குச்சியில் இரண்டு கோடு போட்டார். ஏற ஒன்று, இறங்க ஒன்று.

டாக்டர் சந்தோஷப்படவில்லை. இப்படியே போனால் இரண்டு வருடம், அப்புறம் அறுவை சிகிச்சை என்றார். சௌந்திரம் தலையாட்டினார்.

ஜூன் இருபது அன்று கலந்தாய்வில் அவர் பெயர் நான்காவது. நாமக்கல் பக்கத்திலேயே இரண்டு ஊர்கள் காலியாக இருந்தன. அதில் ஒன்று வீட்டிலிருந்து பேருந்தில் பத்து நிமிடம். அதிகாரி பட்டியலை அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

“என்ற எடத்துக்கு யாருங்க வர்றது?”

“யாரும் கேக்கலம்மா. இப்போதைக்குக் காலியிடம்னு போட்டுக்குவோம்.”

“எத்தன நாளைக்குங்க?”

அதிகாரி நேர்மையானவர். “சொல்ல முடியாது” என்றார்.

சௌந்திரம் பட்டியலை மேலிருந்து கீழ்வரை இரண்டு தடவை படித்தார். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். தன் மனுவில் ‘இடமாறுதலில் விருப்பமில்லை’ என்று எழுதி, உள்ளங்கைக் கட்டோடு சிரமப்பட்டுக் கையெழுத்துப் போட்டார்.

மேல்பாறையில் அடுத்த தடுப்பூசி நாள் ஜூலை இரண்டு. அன்று காலை ஏழு மணிக்கு அவர் சுகாதார நிலையத்தில் பெட்டியை வாங்கிக்கொள்கிறார்.