ஜியாலஜி மேடத்தின் பத்தொன்பது நாட்கள்

சர்வர் அறையின் இரைச்சல் சட்டென்று கொஞ்சம் தணிந்தது. காலை பத்தரை மணி இருக்கும். ஏழாவது இயந்திரத்தின் பழுதான ரேம் நினைவகத்தை மாற்றுவதற்காக, வலப்பக்க அடுக்கின் அடியில் இருந்த பெட்டியின் மின்கம்பியை அப்போதுதான் உருவியிருந்தேன். எழுந்து திரையைப் பார்த்தால், ஏழு உயிரோடு இருந்தது. பன்னிரண்டைக் காணவில்லை. இடப்பக்க அடுக்கில் எண்கள் கீழிருந்து மேலே போகும். வலப்பக்கத்தில் மேலிருந்து கீழே வரும். பொருத்திக் கொடுத்தவர்கள் அப்படி வைத்துவிட்டுப் போனது எனக்குத் தெரியும். நாலு வருடமாகத் தெரியும். அன்றைக்கு மறந்துவிட்டது.

பெரம்பலூருக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியில் அந்தப் பன்னிரண்டு இயந்திரங்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஒரே கணக்கைப் பன்னிரண்டு கணினிகள் பங்குபோட்டுச் செய்யும் ஏற்பாடு அது; கிளஸ்டர் என்போம். ஒவ்வொரு கணினியும் ஒரு நோடு. பங்கில் இருக்கும் ஒரு நோடு பாதியில் விழுந்தால் மொத்தக் கணக்கும் விழுந்துவிடும். தூசு தட்டுவது, சூடு பார்ப்பது, கெட்டுப்போன வட்டை மாற்றுவது, யாருடைய வேலை எப்போது ஓட வேண்டும் என்று வரிசைப்படுத்துவது எல்லாம் என் பொறுப்பு. எதுவும் கெடாத நாளில் நான் என்ன வேலை பார்க்கிறேன் என்றே யாருக்கும் தெரியாது. அது எனக்குப் பிடித்தும் இருந்தது.

அன்று, பழுதான ஏழை ஒதுக்கிவிட்டு மற்ற பதினொன்றிலும் ஓடிக்கொண்டிருந்தது ஜியாலஜி மேடத்தின் கணக்கு. சிவில் துறையில் நிலவியல் பாடம் எடுத்த அவரை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவோம். கீழப்பழுவூர்க்காரர். அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புப் பாறைக்கு அடியில் தண்ணீர் எப்படி நகர்கிறது என்பது அவருடைய ஆராய்ச்சி. விடுமுறை நாட்களில் ஸ்கூட்டியில் கிணறு கிணறாகப் போய், அளவு நாடாவில் குண்டு கட்டி இறக்கி நீர்மட்டம் பார்த்து வருவார். அந்த அளவுகளைக் கொடுத்து ஓடவிட்ட கணக்கு பத்தொன்பதாம் நாளில் இருந்தது. மறுநாள் முடிந்திருக்கும். இடையிடையே சேமித்துக்கொள்ளும் வசதியை அவர் நிறுத்தி வைத்திருந்தார். வட்டில் இடமில்லை என்று அவரிடம் சொன்னவனும் நான்தான். ஆய்வேட்டை ஒப்படைக்க ஒரு மாதம்கூட இல்லை.

அன்று காலை எட்டு மணிக்குக் கரண்ட் போய் வந்திருந்தது. பேட்டரி தாங்கியதால் இயந்திரங்கள் நிற்கவில்லை, ஆனால் கரண்ட் போனது கல்லூரி முழுக்கத் தெரியும். அதைச் சொன்னால் யாரும் மறுபேச்சுப் பேசமாட்டார்கள். சிவில் துறை மாடிப்படி ஏறும்போது அந்தப் பொய்யை நாக்கில் வைத்துக்கொண்டேதான் போனேன். என் முகத்தைப் பார்த்ததும் அவரே அதை எடுத்துக் கொடுத்தார்.

“என்ன சார், கரண்ட் போயி நின்னுடுச்சா?”

தலையாட்டியிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் அந்தக் குரலில் என்மேல் துளி சந்தேகம்கூட இல்லை. அதுதான் என்னை என்னவோ செய்தது.

“இல்லீங்க மேடம். நான்தான் தப்பான மெஷின புடுங்கிட்டேன்.”

அவர் திருத்திக்கொண்டிருந்த விடைத்தாளில் மீதிக் கேள்விகளுக்கும் மதிப்பெண் போட்டு முடித்தார். பிறகுதான் நிமிர்ந்தார்.

“திரும்ப எப்ப ஓட விடலாம்?”

“சாயந்தரத்துக்குள்ள ரெடி பண்ணிடுறேங்க.”

“பண்ணுங்க. இப்ப எங்கிட்ட வேற எதுவும் பேசாதீங்க சார். அழுதுடுவேன்.”

அன்று மதியம் துறை துறையாகப் போய், மற்றவர்களின் வேலைகளைக் கொஞ்ச நாள் தள்ளிவைக்கக் கேட்டேன். என்ன நடந்தது என்பதையும் மறைக்காமல் சொன்னேன். ஒரு பேராசிரியர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே தன் பழைய கோப்புகளை அழித்து வட்டில் இடமும் கொடுத்தார். ஓடவிடுவதற்கு முன் மேடம் தன் அளவுகளை இன்னொரு முறை வரிவரியாகப் பார்த்தார். அப்போதுதான் ஒரு கிராமத்துக் கிணறுகளின் ஆழம் மட்டும் அடிக்கணக்கில் இருந்தது தெரிந்தது, மற்றதெல்லாம் மீட்டர். விவசாயிகள் சொன்னதை அப்படியே குறித்து வந்தவர், மாற்ற மறந்திருக்கிறார். பத்தொன்பது நாளும் இல்லாத ஆழத்துக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தன இயந்திரங்கள்.

எனக்கு உயிர் வந்தது. அசட்டுச் சிரிப்போடு, “அப்ப நான் நிறுத்துனது நல்லதாப் போச்சுங்களே மேடம்?” என்றேன்.

“அதெல்லாம் இல்ல சார். நீங்க பண்ணுனதும் தப்பு, நான் பண்ணுனதும் தப்பு. ரெண்டையும் கூட்டிக் கழிக்காதீங்க.”

சொல்லிவிட்டு அவரும் சிரித்துவிட்டார்.

இரண்டாம் முறை இருபது நாள் ஓடி ஒழுங்காக முடிந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில்கூட நான் போய் எட்டிப் பார்த்தேன். முடிந்த அன்று அவர் ஒரு டப்பா நிறையக் கடலை உருண்டை கொண்டுவந்தார். சர்வர் அறைக்குள் தின்பண்டம் கூடாது என்பது என் விதி. வாசலில் நின்றே தின்றோம். கெடு முடிய மூன்று நாள் இருக்கும்போது ஆய்வேடு போய்ச் சேர்ந்தது.

இப்போது அவர் அரியலூரில் ஒரு கல்லூரியில் இருக்கிறார். எங்கள் கிளஸ்டரில் நோடுகள் முப்பதாகிவிட்டன. எண்களை நானே ஒட்டினேன். ஒன்றை நிறுத்த வேண்டுமென்றால், புது வேலை அதற்குப் போகாமல் அடைத்து, ஓடுவது முடியும்வரை காத்திருந்து, அதன் முகப்பு விளக்கை மினுக்கவைத்துச் சரிபார்த்த பிறகே கைவைப்பேன். எல்லோருக்கும் முன்கூட்டியே மின்னஞ்சலும் போகும். அங்கிருந்தபடியே இங்கே கணக்கு ஓட்டும் மேடம்தான் முதல் ஆளாகப் பதில் போடுவார். இருபத்திரண்டாவது நோடில் மின்விசிறி கரகரக்கிறது, நிறுத்தலாமா என்று இன்று காலை கேட்டிருந்தேன்.

“ரெண்டு நாள் பொறுங்க சார். ரஞ்சன்குடி பக்கம் புதுசா அளந்தது ஓடிக்கிட்டு இருக்கு.”

சரிங்க மேடம் என்று எழுதினேன். புது மின்விசிறி பிரிக்காத அட்டைப்பெட்டியில் என் மேசைமேல் இருக்கிறது. அவசரமில்லை. மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கே போய்விட்டு வரலாம்.